மகளிர் ஆணையத்துக்குப் போட்ட மனு ஏன் உள்ளூர் ஸ்டேஷனுக்கே திரும்பி வருகிறது?

திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கல்லூரி மாணவி என்று சொல்லி ஒரே மூச்சில் நாலைந்து கேள்வி கேட்டிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டு அக்கா கணவரின் அடி தாங்காமல் மகளிர் ஆணையத்துக்கு மனு அனுப்பினார், சில வாரம் கழித்து அது சுற்றிச் சுற்றி உள்ளூர் மகளிர் காவல் நிலையத்துக்கே வந்து சேர்ந்தது. அப்படியானால் இந்த ஆணையம் எதற்கு, இது சுயேச்சையான அமைப்பா இல்லை இன்னொரு அரசு அலுவலகமா, உங்கள் சித்தி நடவுக்குப் போய் ஆண்களைவிடக் குறைந்த கூலி வாங்குகிறாரே, அதையெல்லாம் இது கவனிக்காதா என்கிறீர்கள். நான் புரிந்துகொண்ட வரையில் நீங்கள் கேட்பது ஒன்றுதான். ஆண் பெண் சமத்துவத்தைக் கண்காணிக்கும் வேலையைச் சட்டம் போட்டு யாருக்கோ கொடுத்திருக்கிறார்களே, அவர்கள் கண்ணில் எங்கள் ஊர் படுகிறதா, படவில்லை என்றால் பட வைக்க வழி உண்டா.

நான் மயிலாடுதுறை, கும்பகோணம் நீதிமன்றங்களில் இருபது வருஷத்துக்கு மேலாகக் குடும்ப வழக்கும் சொத்து வழக்கும் நடத்துகிறவள். இலவச சட்ட உதவிக்கான வக்கீல் பட்டியலிலும் இருந்திருக்கிறேன். ஆணையத்துக்குள் உட்கார்ந்து வேலை பார்த்தவள் இல்லை. ஆகவே சட்டத்தில் இருப்பதை உறுதியாகச் சொல்கிறேன், நடைமுறையைப் பற்றி இந்த மாவட்டங்களில் பார்த்த அளவுக்குச் சொல்கிறேன், சொந்த அபிப்பிராயம் வரும் இடத்தில் அபிப்பிராயம் என்றே சொல்லிவிடுகிறேன்.

முதலில் உறுதியான விஷயம். தேசிய மகளிர் ஆணையம் 1990இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி 1992 ஜனவரி கடைசியில் அமைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் மாநில மகளிர் ஆணையம் 1993இல் அரசாணையின் மூலம் வந்தது, 2008இல்தான் அதற்குத் தனிச் சட்டம் கிடைத்தது. இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். அரசாணையில் பிறந்ததை இன்னொரு அரசாணையில் கலைத்துவிட முடியும், சட்டத்தில் பிறந்ததைச் சட்டமன்றத்துக்குப் போகாமல் கலைக்க முடியாது. தேசிய ஆணையத்தின் சட்டத்தில் பத்தாவது பிரிவை எடுத்துப் படித்துப் பாருங்கள், பெரிய பட்டியல் அது. பெண்களுக்கு அரசியலமைப்பும் சட்டங்களும் தந்திருக்கும் பாதுகாப்பு நடைமுறையில் இருக்கிறதா என்று ஆராய்வது, ஓட்டை இருந்தால் சட்டத் திருத்தம் சொல்வது, புகாரை விசாரிப்பது, யாரும் புகார் தராமலே தானாக முன்வந்து ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வது, ஆய்வு நடத்துவது, சிறையிலும் காப்பகத்திலும் பெண்கள் எப்படி வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று போய்ப் பார்ப்பது, ஏராளமான பெண்களைப் பாதிக்கும் வழக்குக்குப் பணம் கொடுப்பது வரை இருக்கிறது. விசாரணை நடத்தும்போது உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள சில அதிகாரங்களும் உண்டு, அதாவது ஆளுக்குச் சம்மன் அனுப்பி வரவழைக்கலாம், ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லலாம், பிரமாண வாக்குமூலம் வாங்கலாம், அரசு அலுவலகத்திலிருந்து கோப்பை வரவழைக்கலாம்.

இல்லாத அதிகாரமும் அதே அளவுக்கு உறுதியானது. கைது செய்ய முடியாது, தண்டனை கொடுக்க முடியாது, ஜீவனாம்சம் இவ்வளவு என்று உத்தரவு போட முடியாது. அது சொல்வது பரிந்துரை. எஸ்.பி.யோ கலெக்டரோ அந்தப் பரிந்துரையை ஏற்காமல் விட்டால் ஆணையம் அவர்மேல் நேரடியாக நடவடிக்கை எடுக்கவும் முடியாது. பலர் ஆணையத்தை ஒரு பெண்கள் நீதிமன்றம் மாதிரி நினைத்துக்கொண்டு போகிறார்கள், ஏமாற்றம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இப்போது உங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் மனு. ஆணையத்துக்கென்று மாவட்டத்தில் போலீஸ் கிடையாது, திருவாரூரில் வந்து வீட்டுக் கதவைத் தட்டி விசாரிக்கத் தனி ஆட்கள் கிடையாது. தனி நபர் மேல் வரும் புகார் என்றால் அதைச் சம்பந்தப்பட்ட மாவட்டத்தின் எஸ்.பி.க்கு அனுப்பி அறிக்கை கேட்பதுதான் வழக்கமான வழி. எஸ்.பி. அலுவலகம் அதை அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு அனுப்பும். நிலையத்தில் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசி, "சேர்ந்து வாழ்கிறோம்" என்று எழுதி வாங்கிக்கொண்டு அறிக்கை அனுப்பிவிட்டால் மனு முடிந்துபோகிறது. மேலே போன மனு கீழே வருவதை வைத்து ஆணையம் ஏமாற்றிவிட்டது என்று சொல்ல மாட்டேன், அதன் கையே அவ்வளவு தூரம்தான் நீளும். ஆனால் அந்தக் கடிதத்தால் ஒரு பிரயோஜனம் இருக்கிறது. அதற்கு முன்னால் சி.எஸ்.ஆர். ரசீதுகூட, அதாவது புகாரை வாங்கிக்கொண்டதற்கான ரசீதுகூடக் கொடுக்காமல் அலைக்கழித்த இடத்தில், மேலிடத்துக்குப் பதில் எழுதியாக வேண்டும் என்ற நிலை வந்ததும் ரசீது கிடைத்ததை நான் பார்த்திருக்கிறேன். காகிதம் நகர்கிறது, சில நேரம் அதுவே பெரிய விஷயம். ஆனால் எந்த அதிகாரி நடவடிக்கை எடுக்கவில்லை என்று புகார் சொல்கிறோமோ அவரிடமே அறிக்கை கேட்பது சரியான முறை இல்லை என்பது என் அபிப்பிராயம். அப்படிப்பட்ட மனுவில் "இந்த நிலையத்தின் மீதே புகார், விசாரணையை வேறு அதிகாரியிடம் கொடுக்கவும்" என்று முதல் பத்தியிலேயே எழுதிவிட வேண்டும். பத்து பக்கம் எழுதி ஒன்பதாவது பக்கத்தில் இதைச் சொன்னால் யார் கண்ணிலும் படாது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பெயர் போடாத மனு, நீதிமன்றத்தில் ஏற்கெனவே நிலுவையில் இருக்கும் விவகாரம், சுத்தமான சிவில் தகராறு, மாநில ஆணையம் ஏற்கெனவே எடுத்துக்கொண்ட புகார், இவற்றையெல்லாம் தேசிய ஆணையம் பொதுவாக எடுப்பதில்லை. நம் ஊரில் மனு எழுதிக் கொடுப்பவர்கள் முதலமைச்சர் தனிப்பிரிவு, கலெக்டர், எஸ்.பி., இரண்டு ஆணையங்கள், மனித உரிமை ஆணையம் என்று ஒரே மனுவை ஏழெட்டுப் பேருக்கு நகல் போட்டு அனுப்பச் சொல்வார்கள். அதனால் வேகம் கூடுவதில்லை, ஒவ்வோர் இடமும் இன்னோர் இடத்தைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளத்தான் வசதியாகிறது.

சரி, கண்காணிப்புக்கு வருவோம். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், ஏனென்றால் பெரும்பாலோர் ஆணையத்தைப் பற்றிக் கேட்பது "என் மனு என்ன ஆச்சு" என்பதோடு நின்றுவிடும். ஓர் அமைப்பு சமத்துவத்தைக் கண்காணிக்க இரண்டு வழி. வாசலுக்கு வரும் புகார்களை எண்ணிப் பார்ப்பது ஒன்று, வராதவர்களைத் தேடிப் போய்ப் பார்ப்பது இன்னொன்று. முதல் வழியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. 2023இல் தேசிய மகளிர் ஆணையத்துக்கு வந்த புகார்கள் 28,811. அதில் பாதிக்கு மேல் உத்தரப்பிரதேசம் என்ற ஒரே மாநிலத்திலிருந்து வந்தவை. தமிழ்நாட்டின் பங்கு அதில் மிகச் சொற்பம். இதை வைத்துத் தமிழ்நாட்டில் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று யாராவது மேடையில் பேசினால் நம்பிவிடாதீர்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு வீடு வீடாகப் போய்க் கேட்டபோது தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். மூன்றில் ஒருவருக்கும் மேல். அவர்களில் எத்தனை பேர் டெல்லிக்கு மனு எழுதுவார்கள்? டெல்லி பக்கமாக இருக்கும் மாநிலம், இந்தியில் படிவம் நிரப்பப் பழகியவர்கள், பேப்பரில் ஆணையத்தின் பெயரை அடிக்கடி பார்ப்பவர்கள், இவர்களிடமிருந்து புகார் கூடுதலாக வருவது இயல்பு. புகாரின் எண்ணிக்கை எங்கே வன்முறை கூடுதல் என்பதைவிட எங்கிருந்து ஆணையத்தின் வாசல் தெரிகிறது என்பதைத்தான் காட்டுகிறது என்று நான் நினைக்கிறேன். தமிழ்நாட்டுக்காரர்கள் டெல்லியைவிடச் சென்னைக்குத்தான் அதிகம் எழுதுவார்கள் என்பதும் உண்மைதான், அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நாங்கள் வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் சட்ட விழிப்புணர்வு முகாம் போடும்போது ஆணையத்தின் பெயரைச் சொன்னால் வழக்கமாக வரும் கேள்வி, "வக்கீலம்மா, அது எந்த ஊர்ல இருக்கு, போக பஸ் உண்டா?" என்பது. சிரிக்க ஒன்றுமில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் திருவாரூர் வரைக்கும் போவதே கஷ்டம் என்கிறவர்களுக்குச் மாநில ஆணையம் இருக்கும் சென்னைச் சேப்பாக்கம் என்பது வேறு தேசம். ஆணையம் மாவட்டங்களுக்கு வந்து மனு வாங்கும் அமர்வுகளும் நடப்பதுண்டு. அவை கலெக்டர் அலுவலகக் கூட்ட அரங்கில் நடக்கும்போது வருகிறவர்கள் யாரென்று பார்த்தால் பெரும்பாலும் கணவன் மனைவி தகராறு, வரதட்சணை, பிரிந்து வாழ்வது. நடவுப் பெண்கள் கூலிக்காக வந்து வரிசையில் நின்றதை நான் பார்த்ததில்லை. மீன் ஏலம் எடுத்து விற்கும் நாகை அம்மாக்களும் அப்படித்தான், அவர்களுக்கு ஆயிரம் பிரச்சினை, அதை ஆணையத்தில் சொல்லலாம் என்பதே தெரியாது.

கூலி விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது, ஏன் அது சேற்றில் இறங்க மறுக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உங்கள் சித்திக்காக. 1976ஆம் வருஷத்துச் சம ஊதியச் சட்டம் ஒரே வேலைக்கும் ஒத்த தன்மையுள்ள வேலைக்கும் ஆண் பெண் என்று பார்த்துக் கூலி வித்தியாசம் வைக்கக்கூடாது என்றது. இப்போது அந்த ஏற்பாடு 2019ஆம் வருஷத்து ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது, அடிப்படை அதேதான். காகிதத்தில் தெளிவாக இருக்கிறது. ஆனால் டெல்டாவில் வயல் வேலையே ஆண் வேலை, பெண் வேலை என்று பிரிந்து கிடக்கிறது. நாற்றுப் பறிப்பது, வரப்பு வெட்டுவது, அண்டை கழிப்பது, மருந்தடிப்பது ஆண்கள் பக்கம். நடவும் களையெடுப்பும் பெண்கள் பக்கம். நடவில் ஆணே இல்லாதபோது "அதே வேலை செய்யும் ஆணுக்கு இவ்வளவு கொடுக்கிறாயே" என்று யாரைக் காட்டிக் கேட்பது? ஒத்த தன்மையுள்ள வேலை என்ற வார்த்தையைப் பிடித்துத்தான் வாதாட வேண்டும், திறமை, உழைப்பு, பொறுப்பு மூன்றையும் வைத்து எடை போட வேண்டும். காலை ஏழு மணியிலிருந்து முழங்கால் சேற்றில் குனிந்தபடி வரிசை தப்பாமல் நடுவது, மண்வெட்டி பிடித்து வரப்புக் கட்டுவதற்கு எந்த விதத்தில் குறைந்த உழைப்பு என்று யாராவது விளக்கினால் கேட்டுக்கொள்கிறேன். பண்ணையில் கேட்டால் "ஆம்பளை வேலை கனமான வேலை" என்ற ஒரே பதில். 2005 சட்டத்தின்படி வந்த நூறு நாள் வேலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விகிதம் என்று வைத்தபோதுதான் நிறையப் பெண்களுக்கு இது கேட்கக்கூடிய விஷயம் என்றே தோன்றியது, அதனால்தான் அந்த வேலை இங்கே பெண்களால் நிரம்பியது என்பது என் ஊகம், இதற்கு மேல் அதை அழுத்திச் சொல்ல மாட்டேன்.

கூலிச் சட்டத்தை அமல்படுத்துவது தொழிலாளர் துறை, ஆணையம் இல்லை. ஆணையம் செய்யக்கூடியது வேறு. ஒரு குறுவைப் பருவத்தில் நாலு ஒன்றியத்தில் ஆய்வு நடத்தி, எந்தெந்த வேலைக்கு யாருக்கு எவ்வளவு என்று பட்டியல் போட்டு, தொழிலாளர் துறை அந்தப் பகுதியில் எத்தனை ஆய்வு நடத்தியது என்று கோப்பை வரவழைத்து, இது சட்டத்துக்கு விரோதம் என்று அரசுக்கு எழுதலாம். அதோடு நடவு இயந்திரமும் நேரடி விதைப்பும் வந்தபிறகு பெண்களுக்குக் கிடைக்கும் வேலை நாட்கள் என்ன ஆயின என்றும் கேட்கலாம். இயந்திரம் வாங்க மானியம் தருகிற திட்டம் ஒன்று போடும்போது அதனால் வேலை இழக்கும் பெண்களைப் பற்றி யார் யோசித்தார்கள்? தேசிய ஆணையத்தின் சட்டத்தில் பதினாறாவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பெண்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கை விஷயங்களில் மத்திய அரசு ஆணையத்தைக் கலந்து ஆலோசிக்க வேண்டும் என்கிறது. வேளாண் இயந்திரமயமாக்கல் பெண்களைப் பாதிக்கும் கொள்கைதான் என்பதை ஒரு கோப்பில் எழுதவைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கமிஷன் என்றாலே கண்துடைப்பு என்று சொல்பவர்களுக்கு நம் மண்ணிலிருந்தே ஒரு விஷயம். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வுப் போராட்டத்தின் நடுவில் நடந்தது. அதன் பிறகு கிழக்குத் தஞ்சையின் விவசாயத் தொழிலாளர் பிரச்சினையை விசாரிக்கக் கணபதியா பிள்ளை தலைமையில் ஒரு நபர் ஆணையம் போட்டார்கள், 1969இல் நியாயக் கூலிச் சட்டமும் வந்தது. அது ஒரு விசாரணைக்காகப் போடப்பட்டு அறிக்கை கொடுத்ததும் முடிந்துபோகும் வகை ஆணையம். மகளிர் ஆணையம் நிரந்தரமானது. 44 உயிர் போன பிறகு கேட்ட கேள்வியை யாரும் சாகாமலே ஒவ்வொரு வருஷமும் கேட்கட்டும் என்பதற்குத்தான் இப்படி நிரந்தரமாக வைத்திருக்கிறார்கள்.

கூலியைவிட ஆழமான ஏற்றத்தாழ்வு நிலத்தில் இருக்கிறது. நான் பிழைப்பு நடத்துவதே இதில்தான், அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு 1989லேயே மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனைப் போலச் சம பங்கு என்று சட்டம் கொண்டுவந்துவிட்டது, அப்போது திருமணம் ஆகிவிட்டவர்களை மட்டும் விட்டுவிட்டு. 2005இல் மத்திய அரசின் திருத்தம் அந்தத் திருமணத் தடையையும் எடுத்தது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில், 2005இல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை, உரிமை பிறப்பாலேயே வருவது என்று சொல்லிவிட்டது. சட்டத்தில் இனிக் கேட்க ஒன்றும் பாக்கியில்லை. ஊரில் என்ன நடக்கிறது? அண்ணன் வீட்டுச் சீர் நின்றுவிடும், நாளைக்குப் பிள்ளைக்குத் தாய்மாமன் முறை செய்ய ஆள் இருக்காது என்று பயந்து அக்கா தங்கைகள் விடுதலைப் பத்திரத்தில், அதாவது என் பங்கு எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில், கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். கையெழுத்துப் போட ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வரும் அன்றைக்கு ஒரு பட்டுப்புடவை கிடைக்கும், அரை ஏக்கர் நஞ்சை போயிருக்கும். யாரும் மிரட்டவில்லை, அடிக்கவில்லை, ஆகவே புகாரும் இல்லை, ஆகவே எந்த ஆணையத்தின் புள்ளிவிவரத்திலும் இது வராது.

நிலம் பெயரில் இல்லை என்றால் அது அதோடு முடிவதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி தென்னையை எல்லாம் சாய்த்ததே, பயிர் நிவாரணக் கணக்கெடுப்பு சிட்டா, அடங்கல் என்ற நில, சாகுபடிப் பதிவேடுகளைப் பார்த்துத்தான் நடக்கும். வெளிநாட்டில் இருக்கும் கணவன் பெயரிலோ செத்துப்போன மாமனார் பெயரிலோ பட்டா கிடக்க, வருஷம் பூராவும் அந்த நிலத்தில் பயிர் வைக்கும் பெண் கிராம நிர்வாக அலுவலரிடம் "நான்தான் விவசாயி" என்று நிரூபிக்க அலைவாள். கூட்டுறவுக் கடனும் பயிர்க் காப்பீடும் கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவதும் இதே காகிதத்தைச் சுற்றியே நடக்கின்றன. இதை மாற்றவே முடியாது என்பதில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு அரசு கட்டிக்கொடுத்த வீடுகளைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகக் கொடுப்பது என்று முடிவெடுத்தார்கள். சமூக சேவகர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் நாகை பக்கம் நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தபோது பெண்கள் பெயரிலேயே பதிவு செய்தார். யார் பெயரில் எழுதுவது என்பது ஒரு முடிவுதான், அதை யாராவது எடுக்க வேண்டும். மாவட்டத்தில் ஒரு வருஷத்தில் பதிவான விடுதலைப் பத்திரங்களில் எத்தனை பெண்கள் எழுதிக் கொடுத்தவை, பயிர் நிவாரணம் வாங்கியவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று பதிவுத் துறையையும் வருவாய்த் துறையையும் வருஷா வருஷம் கேட்டு வெளியிட்டாலே போதும், கண்காணிப்பு என்றால் இதைத்தான் சொல்வேன். ஆண் பெண் என்று பிரித்து எண்ணாத கணக்கில் எந்த ஏற்றத்தாழ்வும் தெரியாது. கோப்பை வரவழைக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு இருக்கிறது என்று மேலே சொன்னேனே, அதை ஒருவர் வீட்டுச் சண்டைக்குப் பயன்படுத்துவதைவிட இதற்குப் பயன்படுத்தலாம்.

சுயேச்சையானதா என்று கேட்டீர்கள். பாதி பதில்தான் தர முடியும். சட்டப்படி தனி அமைப்பு. ஆனால் தலைவரையும் உறுப்பினர்களையும் நியமிப்பது அரசு, பணம் கொடுப்பது அரசு, பதவிக்காலம் அதிகபட்சம் மூன்று வருஷம் என்பதுதான் தேசிய ஆணையத்தின் ஏற்பாடு, மாநிலத்திலும் நியமனமும் நிதியும் அரசின் கையில்தான். ஆட்சி மாறினால் நாற்காலியில் இருப்பவர் மாறுவதும் நமக்குப் புதிதில்லை. இப்படிப்பட்ட அமைப்புகள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஐ.நா. பொதுச்சபை 1993இல் ஏற்ற பாரிஸ் கோட்பாடுகள் இருக்கின்றன, சட்டத்தால் அமைய வேண்டும், அரசு கையை முறுக்க முடியாதபடி சொந்த நிதி வேண்டும், உறுப்பினர்கள் சமூகத்தின் பல தரப்பிலிருந்தும் வர வேண்டும் என்கின்றன அவை. தென்னாப்பிரிக்காவில் பாலினச் சமத்துவ ஆணையம் அரசியலமைப்பிலேயே எழுதப்பட்ட ஒன்று. உறுப்பினர்களை நாடாளுமன்றம் பரிந்துரைத்து அதிபர் நியமிக்கிறார், ஆணையம் பதில் சொல்வதும் நாடாளுமன்றத்துக்கே. பிரிட்டனில் 2017 முதல் 250 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் நிறுவனங்கள் ஆண் பெண் ஊதிய இடைவெளியை வருஷா வருஷம் வெளியிட்டாக வேண்டும், வெளியிடாதவர்களை அங்குள்ள சமத்துவ ஆணையம் விரட்டிப் பிடிக்கிறது. அங்கெல்லாம் சமத்துவம் வந்துவிட்டது என்று சொல்லவில்லை. புகாருக்குக் காத்திருக்காமல் தகவலைக் கொடு என்று கேட்கும் ஏற்பாடு அங்கே சட்டத்திலேயே இருக்கிறது, அவ்வளவுதான்.

நம் சட்டத்திலும் பலர் கவனிக்காத ஒரு பிடி உண்டு. தேசிய ஆணையத்தின் ஆண்டறிக்கையை நாடாளுமன்றத்தில் வைக்கும்போது, அதன் பரிந்துரைகளில் எதன் மேல் என்ன நடவடிக்கை எடுத்தோம், எதை ஏன் ஏற்கவில்லை என்ற குறிப்பையும் அரசு சேர்த்து வைக்க வேண்டும். ஏற்காததற்குக் காரணம் எழுத வேண்டும் என்பது சாதாரண விஷயமில்லை. பரிந்துரைதானே என்று தள்ளிவிட முடியாதபடி அரசைப் பேசவைக்கும் இடம் அது. அந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கும் உறுப்பினர் இருந்தால்தான் அதற்கு உயிர். நம் தொகுதிக்காரர்கள் காவிரி நீரைப் பற்றிப் பேசுவார்கள், பேச வேண்டியதுதான், இதைப் பற்றியும் ஒரு முறை கேட்டால் என்ன?

நடைமுறையில் பல் உள்ள கண்காணிப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தைச் சொல்வேன், 2013இல் வந்தது. அதற்கு முந்தைய வரைவுகளில் தேசிய மகளிர் ஆணையத்துக்கும் பங்கு உண்டு. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு கட்டாயம், அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம், வருஷாந்திர அறிக்கை மாவட்ட அதிகாரிக்குப் போக வேண்டும். பத்துக்குக் குறைவான ஆட்கள் உள்ள கடை, வீட்டு வேலை, உரிமையாளர் மேலேயே புகார் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர் குழு. கும்பகோணத்துப் பாத்திரக்கடை, மன்னார்குடி ஜவுளிக்கடை, ரைஸ் மில்லில் சல்லடை பிடிக்கும் பெண் எல்லாரும் இதற்குள் வருகிறார்கள். களத்தில் வேலை செய்யும் விவசாயத் தொழிலாளியும் வருகிறார். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாவட்டத்திலும் அதிகாரியை நியமிக்கச் சொல்லி, குழுக்கள் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று கணக்கெடுக்கச் சொன்னது. சட்டம் வந்து பதினோரு வருஷம் கழித்து இதைச் சொல்ல வேண்டியிருந்தது என்பதிலேயே நிலவரம் தெரிகிறது. புகார் தர மூன்று மாதம்தான் கெடு, தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். இதைக் கல்லூரித் தோழிகளுக்கும் சொல்லி வையுங்கள்.

இனி நீங்கள் என்ன செய்யலாம். கூலி விஷயத்தை உங்கள் சித்தி பெயரில் தனி மனுவாகப் போடாதீர்கள், அடுத்த நாளே அவருக்கு வேலை நிற்கும். ஊரில் நடவுக்குப் போகும் பெண்கள் பதினைந்து இருபது பேர் கூட்டாகக் கையெழுத்திட்டு, எந்தப் பருவம், என்ன வேலை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, ஆணுக்கு எவ்வளவு, பெண்ணுக்கு எவ்வளவு என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எந்தப் பண்ணை என்று பெயர் சொல்லாமல் ஊர் வழக்கம் இது என்று எழுதினால் போதும், ஆய்வு கேட்கும் மனுவுக்கு எதிர்மனுதாரர் தேவையில்லை. மாநில ஆணையத்துக்கு அனுப்பித் தானாக முன்வந்து ஆய்வு நடத்தக் கேளுங்கள், ஒரு நகல் மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்துக்கு. கூடவே பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போட்டு, கடந்த மூன்று வருஷத்தில் உங்கள் வட்டத்தில் விவசாயக் கூலி தொடர்பாக எத்தனை ஆய்வு நடந்தது என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். "தகவல் இல்லை" என்று வந்தால் அதையும் மனுவோடு இணையுங்கள், அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. இவ்வளவும் செய்தால் ஆணையம் வந்துவிடும் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது. தனி மனுக்களைவிட இப்படிப்பட்டவற்றைத் தள்ளுவது கஷ்டம் என்பதை மட்டும் சொல்ல முடியும்.

பக்கத்து வீட்டு அக்கா விஷயம் வேறு, அங்கே ஆணையத்தின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். அடி விழுந்த அன்றைக்கே 181க்குப் போன் செய்யலாம், அவசரம் என்றால் 112. அரசு மருத்துவமனைக்குப் போய்க் காயத்தைப் பதிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள், "கீழே விழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டால் பின்னால் வழக்கு தடுமாறும். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார், 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி அவர் குடும்ப நிகழ்வு அறிக்கை தயாரித்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். நீதிமன்றம் சாதாரணமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணைக்கு எடுக்க வேண்டும், அறுபது நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அறுபது நாளில் முடிந்ததாக எனக்கு அதிகம் நினைவில்லை, ஆனால் அந்த வீட்டை விட்டு அவரை வெளியேற்றக்கூடாது என்ற இடைக்கால உத்தரவு சீக்கிரம் கிடைத்துவிடும், அதுதான் முதலில் வேண்டியது. வக்கீல் ஃபீஸுக்குப் பயப்பட வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்ணுக்கு இலவச சட்ட உதவி உண்டு, திருவாரூர் நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது, வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தாலே எடுத்துக்கொள்வார்கள். மனுவின் நகல், சி.எஸ்.ஆர். ரசீது, ஆணையத்திலிருந்து வந்த கடிதம் மூன்றையும் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள்.